தோட்டத்துச் சாமான்

காளியாயி அத்தை சாமி கும்பிட்டு நான் அதிகம் பார்த்ததில்லை. மாரியம்மன் திருவிழாவில் கூட்டத்தோடு கூட்டமாக நிற்பாள், அவ்வளவுதான். ஆனால் அடுப்பங்கரைப் பலகையில் வைத்திருந்த ஒரு தேயிலை வேர்க்கட்டைக்கு விளக்கு வைக்காமல் அவள் ஒரு நாளும் மலைக்கு வேலைக்குப் புறப்பட்டதில்லை. "கட்டைக்குப் பூசை நடக்குது" என்று லயத்தில் கேலி பேசுவார்கள். அப்படிப் பேசியவர்கள் வாய் அழுகிப் போக என்று நான் சொல்லமாட்டேன். பேசியவர்களில் என் பெண்டாட்டி பூரணியும் ஒருத்தி.

எங்கள் கருக்குமலைத் தோட்டம் அக்கரப்பத்தனைக்கு மேலே இருந்தது. பஸ்ஸை விட்டு இறங்கி, மூச்சு முட்ட ஏறி, இனி ஒரு அடி வைத்தால் செத்துவிடுவோம் என்று தோன்றும் இடத்தில் எங்கள் லயம் வரும். ஒரே கூரைக்குக் கீழே வரிசையாகப் பத்துக் காம்பரா, குடும்பத்துக்கு ஒன்று. ஏழாவது அவளுடையது, எட்டாவது என்னுடையது. நடுச்சுவர் கூரை வரைக்கும் எட்டாது. அந்தப் பக்கம் தும்மினால் இந்தப் பக்கமிருந்து "நூறு" சொல்லலாம். ஆகவே நான் எழுதுவதில் பாதி கண்ணால் பார்த்தது, மீதி அந்தச் சுவருக்கு மேலாக வந்தது. நான் ஸ்டோரில், அதாவது தேயிலை ஆலையில், கொழுந்து வாட்டும் மாடியில் வேலை செய்தேன். பெயர் முத்துலிங்கம். என்னைப் பற்றி இதற்கு மேல் ஒன்றும் வேண்டாம்.

அவள் துறையூர்ப் பக்கமிருந்து இடுப்புக் குழந்தையாக இலங்கைக்கு வந்தவள். கப்பலில் வழி நெடுக வாந்தி எடுத்தாளாம். அது அவள் தாய் சொன்னது, அவளுக்கு ஒன்றும் ஞாபகமில்லை. கூடை சுமக்கிற உயரம் வந்ததும் மலைக்குப் போனாள். மாயாண்டியைக் கட்டினாள். மகன் அழகன் தவழ்கிற வயதில் மாயாண்டி காய்ச்சலில் போய்ச் சேர்ந்தான். அதன் பிறகு அவளைக் கேட்டு இரண்டு பேர் வந்தார்கள். இரண்டு பேரையும் விளக்குமாற்றோடு வழியனுப்பினாள். ஓட்டுரிமை போச்சு, பிரஜாவுரிமை போச்சு என்று தலைவர்மார் வந்து தொண்டை கிழியக் கத்திய காலத்தில்கூட, "நாளைக்குப் பெரட்டு இருக்கா இல்லையா, அதச் சொல்லுங்க" என்றுதான் கேட்டாள். பெரட்டு என்பது காலையில் துரை முன்னால் கூடி நிற்க, வேலைக்கு ஆள் பிரிக்கும் இடம். அது இருந்தால் உலகம் இருக்கிறது என்று அர்த்தம்.

அழகன் கவ்வாத்துக்காரன். தேயிலைச் செடியை மட்டமாக வெட்டிவிடும் வேலைக்குத்தான் கவ்வாத்து என்று பெயர். கத்தி வீச்சில் அவனைப் போல ஒருத்தன் கிடையாது என்று கங்காணியே சொல்வார், அதாவது குடித்திருக்கும்போது சொல்வார். பயல் அதிகம் பேசமாட்டான். தேய்ந்துபோன கவ்வாத்துக் கத்தி ஒன்றைத் தூக்கிப் போடாமல் வைத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் எதையாவது செதுக்கிக்கொண்டிருப்பான். அகப்பைக் காம்பில் ஒரு கிளி, லயத்துப் பிள்ளைகளுக்குப் பம்பரம், இப்படி.

1955இல் பன்னிரண்டாம் நம்பர் மலையின் கிழட்டுத் தேயிலையைப் பிடுங்கிவிட்டுப் புதிதாக நட ஆரம்பித்தார்கள். வேர் ஒவ்வொன்றும் ஆள் தொடைத் தடிப்பு. பிடுங்கிய வேர் அத்தனையும் தோட்டத்துக்குச் சொந்தம். முதலில் ஸ்டோருக்கும் பங்களாவுக்கும் போகும். மிஞ்சியதைக் கங்காணி குவித்துவைத்து, வீட்டுக்கு இவ்வளவு விறகு என்று பங்கு பிரிப்பார். அவர் பிரிப்பதற்கு முன்னால் ஒரு வேரைத் தொட்டாலும் அது களவு. களவுக்குப் பத்துச்சீட்டு. அந்தச் சீட்டைக் கையில் கொடுத்துவிட்டால் லயத்தைக் காலி செய்யவேண்டும், வேறு தோட்டமும் சேர்க்காது. ஒரு வேருக்கா இவ்வளவு என்று கேட்காதீர்கள். அப்படிக் கேட்கிறவர்கள் யாரும் எங்கள் தோட்டத்தில் இருந்ததில்லை.

அப்படியிருந்தும் அழகன் ஒரு வேரைக் கம்பளிக்குள் மறைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தான்.

"கொழுந்தெடுக்கக் குனிஞ்சு நிக்கிற மாதிரியே இருக்கு பாரும்மா. ஒன்னைய மாதிரியே முதுகு கோணல்."

"பாவிப் பயலே, எனக்குப் பத்துச்சீட்டு வாங்கித் தரவா பெத்துப் போட்டேன்?" என்று அவள் வைததும் சுவருக்கு மேலே எங்களுக்கு வந்து சேர்ந்தது.

கதவைச் சாத்திக்கொண்டுதான் செதுக்கினான். ஞாயிறு ஞாயிறாக மாதக் கணக்கில் நடந்தது. முடிந்ததும் என்னை மட்டும் கூப்பிட்டுக் காட்டினார்கள். எனக்கு இப்போதும் மயிர் சிலிர்க்கிறது. முழங்கை உயரம் இருக்கும். ஒரு பொம்பளை குனிந்து நிற்கிறாள், முதுகில் கூடை, கூடைக் கயிறு நெற்றியில் அழுந்தியிருக்கிறது. முதுகும் கூடையும் வேரின் சொந்த முறுக்கு, அவற்றை அவன் தொடவேயில்லை. முகத்திலும் விரல்களிலும் மட்டும் கத்தி ஓடியிருந்தது. முகம் அச்சு அசல் காளியாயி அத்தை. கத்தி ஒரு தடவை வழுக்கி அவன் கட்டைவிரலைக் கிழித்திருக்கிறது. அந்த ரத்தம் பொம்மையின் இடது பாதத்தில் ஊறிக் கறுப்பாக நின்றுவிட்டது.

"என் மூக்கு இம்புட்டுச் சப்பையாடா?" என்றாள்.

"இதுக்கு மேல சப்பையாக்க வேருல எடமில்லம்மா" என்றான் அவன்.

அவர்கள் இருவரும் சிரித்து நான் கேட்டது அதுதான் கடைசி என்று நினைக்கிறேன். மறு வருஷம் ஆனி மழையில் அழகனைக் கான் வெட்டப் போட்டார்கள். கான் என்றால் மலையில் மழைத்தண்ணீர் வடிய வெட்டும் கால்வாய். நனைந்து ஊறிய மண் மேலிருந்து சரிந்து வந்தது. கூட நின்ற இரண்டு பேரை உயிரோடு இழுத்துப் போட்டோம். அழகனை இழுத்தபோது உயிர் இல்லை. இழுத்தவர்களில் நானும் ஒருவன், அதைப் பற்றி எழுத எனக்கு விருப்பமில்லை.

அவனுக்கு ஒரு போட்டோ கிடையாது. ஹட்டனில் எடுத்துக்கொள்ளலாம், கல்யாணத்துக்கு எடுத்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டார்கள். குழிமேட்டில் அவள் வைத்த கல்லை மழை உருட்டிக்கொண்டு போனது. அடுத்த மழையில் மேடும் தரையோடு தரையானது. சரிவில் எது அவன் குழி என்று அவளுக்கே குழம்பிவிட்டது. மிஞ்சியது அந்தக் கட்டைதான். அதில் இருந்தது அவள் முகம் என்றாலும் அவள் தேடியது அவன் கையை. பாதத்துக் கறையில் விரலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். குங்குமம் வைத்தாள், விளக்கு வைத்தாள். அதைத்தான் கேலி செய்தார்கள்.

இனி லயம் பார்க்க வரும் நாளைப் பற்றிச் சொல்லவேண்டும். துரை, கண்டாக்கையா, மருந்துக்காரர் என்று ஒரு படையே வீடு வீடாக நுழைந்து சுத்தம் பார்க்கும். கண்டாக்கையா தோட்டத்து வெளிவேலைக்கெல்லாம் மேலாள், துரைக்கு அடுத்த எமன். கண்ணில் படுகிற எதையும் பிரம்பால் தட்டி, "இது யாருது?" என்று கேட்பார்கள். அதற்கு எங்களிடம் ஒரே பதில்தான் உண்டு. கோழிக்கூட்டுத் தகரம் யாருது? தோட்டத்துச் சாமானுங்க. உட்காரும் பலகை யாருது? தோட்டத்துச் சாமானுங்க. என்னுடையது என்று சொன்னால் எங்கே வாங்கினாய், எப்போது வாங்கினாய், பங்களாவில் ஒரு பலகை குறைகிறதே என்று கேள்வி நீளும். தோட்டத்துச் சாமான் என்றால் துரை தலையை ஆட்டிவிட்டுப் போவார், பலகை இருந்த இடத்திலேயே இருக்கும். பேச்சு வந்த நாளிலிருந்து எங்கள் நாக்கு இதற்குப் பழகியிருந்தது. பல் விழுந்த வயதில் என் மகளிடம் ஒரு துரை "நீ யாரு புள்ள?" என்று கேட்டதற்கு அவள்கூட "தோட்டத்துச் சாமானுங்க" என்றாள். அன்றைக்கு எல்லாரும் வயிறு வலிக்கச் சிரித்தோம்.

1957 மாசியில் லயம் பார்க்க வந்தபோது துரையோடு துரைசாணியும் வந்தாள். சித்திரை சீசனுக்கு நுவரெலியாவில் தோட்டங்களின் கைவேலைகளை வைத்து ஒரு கண்காட்சி நடத்தப் போகிறார்களாம், அவள் அந்தக் குழுவில் இருந்தாளாம். ஏழாம் காம்பராவுக்குள் நுழைந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். விளக்கு வெளிச்சத்தில் கட்டை இருந்தது. அவள் என்னவோ சொல்ல, துரையும் குனிந்து பார்த்தார். எட்டாம் காம்பரா வாசலிலிருந்து நான் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். அத்தையின் முகத்தில் ரத்தமே இல்லை. அவளுக்குப் பொம்மை தெரியவில்லை, பன்னிரண்டாம் நம்பர் மலை வேர்தான் தெரிந்திருக்கும்.

"இது யாரு சாமான்?" என்றார் துரை.

"தோட்டத்துச் சாமானுங்க தொர."

"யாரு செஞ்சது?"

"தெரியாதுங்க தொர. தோட்டத்துச் சாமானுங்க."

கண்டாக்கையா ஒரு அதட்டல் போட்டார். "ஒழுங்காச் சொல்லு. ஒன்னோடதா, தோட்டத்துதா?"

"சத்தியமா தோட்டத்துதுங்க ஐயா. நான் சும்மா வச்சிருக்கேன்."

செத்துப்போன மகனைக் களவாணி என்று ஒருத்தரும் சொல்லிவிடக் கூடாது, அவ்வளவுதான் அவள் மனதில் இருந்தது. வாசலில் நின்ற நாங்கள் அத்தனை பேரும் கோயில் மாடு போலத் தலையை ஆட்டினோம். யார் அந்த இடத்தில் இருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பார்கள்.

துரைசாணி நல்லவள். கட்டையை அப்படியே எடுத்துக்கொண்டு போகாமல், கண்டாக்கையாவை விட்டுக் கேட்கச் சொன்னாள். கண்காட்சிக்கு இரவலாகத் தர வேண்டும், சீசன் முடிந்ததும் இதே பலகைக்குத் திரும்பி வந்துவிடும் என்றார் கண்டாக்கையா. அத்தை குங்குமத்தைத் துடைத்தாள். தலைத்துண்டை அவிழ்த்து, குழந்தையைப் போர்த்துவது போலக் கட்டையைச் சுற்றினாள். பங்களா ஆள் தூக்கிக்கொண்டு படியிறங்கும்போது பின்னாலேயே போய், "போய்ட்டு வாய்யா" என்றாள். பங்களா ஆள் தன்னிடம் சொல்வதாக நினைத்துத் தலையாட்டினான்.

சித்திரை வருஷப் பிறப்பு லீவில் அவளை நான்தான் நுவரெலியாவுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். இரண்டு பஸ் மாறிப் போனோம். புல்வெளியில் கூடாரங்கள், ஒரு கூடாரம் முழுக்க ரோசாப்பூ, ஒரு கூடாரம் முழுக்கக் கோவா, லீக்ஸ் என்று மரக்கறி. கைவேலைக் கூடாரத்தில் கட்டைக்கு நடு மேசை கொடுத்திருந்தார்கள். வெள்ளைத் துணி விரித்து அதன் மேல் நிறுத்தியிருந்தார்கள். சுற்றி வெள்ளைக்காரர்கள். ஒரு கிழவி தன் விரலால் பொம்மையின் முகத்தை மெல்லத் தடவினாள். அத்தை கிட்டப் போய்ப் பாதத்தைத் தொடக் கை நீட்டியதும் காவலுக்கு நின்ற சிங்களவர், "அல்லன்ன எப்பா!" என்றார், தொடாதே என்று.

அவளுக்குத் தெரிந்த நாலு சிங்களச் சொல்லில் இரண்டை எடுத்து, "மகே புத்தா" என்றாள், என் மகன் என்று. அந்த மனுசன் மகனைத் தேடிக் கூடாரம் முழுக்கப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு சிரித்துவிட்டு அந்தப் பக்கம் போனார்.

"லிங்கம், அந்த அட்டையில என்ன போட்டிருக்கு? எம்புள்ள பேரு இருக்கா?"

"இல்லத்த. தோட்டத்துப் பேரும் தொர பேரும்தான் இருக்கு."

"அதுவும் நல்லதுக்குத்தான். அவன் பேரப் போட்டா வேரு ஏதுன்னு கேப்பாங்க." அட்டையை விட்டுவிட்டுக் கூட்டத்தைப் பார்த்து, "எம்புள்ளையப் பாக்க எத்தனை தொரமாரு வந்திருக்காங்க பாத்தியா?" என்றாள். திரும்பி வரும் பஸ்ஸில் வாய் ஓயாமல் பேசினாள். அழகன் செத்ததிலிருந்து அவள் அப்படிப் பேசி நான் கேட்கவில்லை.

அந்தக் கட்டைக்கு முதல் பரிசு கிடைத்தது. பரிசு என்றால் தோட்டத்துக்கு ஒரு வெள்ளிக் கப்பு. பெரட்டில் கண்டாக்கையா அதைச் சொல்லிக் கைதட்டச் சொன்னார், தட்டினோம். ஆளுக்கு ஒரு பணிஸ் ரொட்டி கொடுத்தார்கள். அத்தை தன் பணிஸைத் தின்னாமல் கொண்டுவந்து வெறும் பலகையில் வைத்தாள்.

சித்திரை போய் வைகாசி வந்தது. கட்டை வரவில்லை. "எல்லாத்தையும் கட்டி அனுப்புறாங்க, வரும்" என்றார் கண்டாக்கையா. ஆனி மழையும் பிடித்துக்கொண்டது. பங்களாவில் சமையல் செய்த றோலண்ட் எங்கள் தோட்டத்து வேதக்காரர், பொய் சொல்லாத மனிதர். அவரைப் போய்ப் பிடித்தாள்.

"கப்பு ஹால்ல இருக்குக்கா, நான்தான் தெனம் தொடைக்கிறேன். கட்டையைக் காணோம். நுவரெலியாவிலேருந்து திரும்பி வந்த சாமான் எல்லாத்தையும் நான்தான் எறக்கி வச்சேன். அதுல அது இல்ல."

இல்லை என்ற சொல் லயத்துக்குள் நுழைந்ததும் ஆளுக்கு ஒரு கதை கட்டினார்கள். வழியில் லொறியிலிருந்து விழுந்திருக்கும் என்றான் ஒருத்தன். நுவரெலியாக் குளிரில் காவல்காரர்கள் மிஞ்சின மரச் சாமானையெல்லாம் போட்டு எரித்துக் குளிர் காய்ந்தார்களாம் என்றான் இன்னொருத்தன். இவனாகக் கற்பனை செய்ததுதான், விசாரித்துப் பார்த்தேன். ஆனால் சொன்னது சொன்னதுதான், அது அவள் நெஞ்சில் போய் உட்கார்ந்துவிட்டது. தேயிலை வேர் நல்ல விறகு, நின்று எரியும். அது அவளைவிட யாருக்குத் தெரியும்?

அன்றிலிருந்து அவள் அடுப்பில் வேர் எரியவில்லை. மலையில் கிடக்கும் சுள்ளியும் மானாப்புல் தட்டையும் பொறுக்கி வந்து, ஊதி ஊதிக் கண் சிவக்கச் சமைத்தாள். அது மட்டுமென்றால் பரவாயில்லை. பங்கு பிரித்து வந்த விறகை வீடு வீடாகப் போய்ப் புரட்டிப் பார்க்க ஆரம்பித்தாள். முதலில் ஜனங்கள் இரக்கப்பட்டார்கள், பிறகு எரிச்சல்பட்டார்கள், பிறகு கதவைச் சாத்தினார்கள். ஒரு நாள் எங்கள் வீட்டுக்குள் வந்தவள் அடுப்பையே பார்த்துக்கொண்டு நின்றாள். எரிகிற வேரில் ஏதோ ஒரு முண்டு அவளுக்கு முகமாகத் தெரிந்திருக்கிறது. பூரணி தடுக்கும் முன் வெறுங்கையால் அதை இழுத்து வெளியே போட்டாள். அது வெறும் வேர். உள்ளங்கை முழுக்கக் கொப்பளம். மஞ்சள் அரைத்துப் போட்டபடி பூரணி அழுதாள். அதற்குப் பிறகு அவள் கட்டைப் பூசை என்று கேலி பேசவில்லை. பேச அங்கே கட்டையும் இல்லை.

சங்கத் தலைவர் செல்லசாமியிடம் போனாள். எங்கள் தோட்டத்துக் கமிட்டித் தலைவர் அவர், நியாயம் பேசக்கூடியவர்தான்.

"காளியாயிக்கா, நான் என்னன்னு கேக்குறது? ஒங்க சாமான்னு கேட்டா, நீங்கதானே எல்லாரு முன்னாலயும் தோட்டத்துச் சாமான்னு சத்தியம் பண்ணுனீங்கன்னு சொல்லுவான்."

"பயத்துல சொன்னேன்யா."

"அப்ப வேரு எப்படி வந்துச்சும்பான். அழகன் பேரைத்தான் இழுப்பான். செத்தவனைக் களவாணின்னு சொல்ல விடப் போறீங்களா?"

அவள் எழுந்து வந்தாள். அன்றிரவு சுவருக்கு மேலே ஒரு சத்தமும் வரவில்லை.

மறுநாள் பெரட்டில் துரை வந்து நின்றார். ஆள் பிரிப்பதற்குள் அவள் வரிசையை விட்டு வெளியே போனாள். கூடையைக் கீழே வைத்தாள். ஒரு பொம்பளை கூப்பிடாமல் துரை முன்னால் போய் நிற்பதை எங்கள் தோட்டம் அதுவரை கண்டதில்லை.

"தொர, அந்தக் கட்டை தோட்டத்துச் சாமான் இல்லீங்க. நான் பொய் சொல்லிட்டேன். எம்மவன் அழகன் செஞ்சது. வேரை அவன் பன்னண்டாம் நம்பர்லேருந்து களவாண்டுட்டு வந்தான். களவாணிப் பய அவன். நான்தான் ஒளிச்சு வச்சேன். எனக்குப் பத்துச்சீட்டு குடுங்க, லயத்தை விட்டுப் போயிடுறேன். அந்தக் கட்டையை மட்டும் குடுத்துருங்க தொர."

எந்தச் சொல்லை மறைக்க அவள் மகனையே தோட்டத்துக்கு எழுதிக் கொடுத்தாளோ, அந்தச் சொல்லைத் தன் வாயாலேயே அத்தனை பேர் முன்னால் சொல்லி முடித்தாள். எனக்குப் பக்கத்தில் நின்ற கங்காணி தலையைக் குனிந்துகொண்டார்.

துரை கோபப்படவில்லை. கண்டாக்கையா இங்கிலீஷில் சொல்லச் சொல்லப் புருவத்தைச் சுருக்கிக் கேட்டார். பிறகு எங்களிடம் பேசும் தன் அரைத் தமிழில், குழந்தைக்குச் சொல்வது போலச் சொன்னார். கொம்பனிக்காரர் ஒருவர் சீமையிலிருந்து வந்திருந்தார், கண்காட்சியில் கட்டையைப் பார்த்து ஆசைப்பட்டார், அங்கேயே கொடுத்தாயிற்று.

"கட்டை கப்பல்ல போச்சு. சீமைக்குப் போச்சு. நீ சொன்னது தோட்டம் சாமான். தோட்டம் சாமான் நான் குடுக்கலாம். இல்லையா?"

துரை ஒரு தடவை கண்டாக்கையாவைத் திரும்பிப் பார்த்துவிட்டு மேலே சொன்னார்.

"அழகன் செத்துப் போச்சு. களவு மாப்பு. பத்துச்சீட்டு இல்ல. போ, வேலைக்குப் போ."

மன்னித்துவிட்டார். எனக்கு அன்று வந்த ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை. அந்த மனுசன் கெட்டவனாக இருந்திருந்தால் காறித் துப்பியாவது ஆறியிருப்பேன். அவர் நல்ல மனதோடுதான் பேசினார். அந்த நல்ல மனதோடேயே அன்று பின்னேரம் இன்னொன்றும் செய்தார். கட்டை போன வருத்தத்தில் கிழவி அழுகிறாள் என்று அவருக்கு விளங்கியிருக்கிறது. ஆகவே ஒரு லொறி நிறையத் தேயிலை வேரை அனுப்பி, ஏழாம் காம்பரா வாசலில் கொட்டச் சொன்னார்.

நாங்கள் வேலை விட்டு வரும்போது வேர் மலைபோலக் குவிந்து கிடந்தது. ஒற்றை வேருக்காக எத்தனை நாள் நடுங்கியிருப்பாள்! இப்போது ஒரு லொறி வேர், கங்காணி பிரிக்காமல், அவளுக்கே அவளுக்கு. உள்ளே போக வழியில்லாமல் அதைச் சுற்றிக்கொண்டு போனாள். யாரும் எடுக்கக் கூடாது என்று அவள் சொல்லவில்லை, ஆனால் யாரும் எடுக்கவில்லை. மழையில் ஊறிக் காளான் பூத்து, அடியில் நத்தை ஊர்ந்து, அந்தக் குவியல் அங்கேயே உளுத்துப் போனது.

அதற்குப் பிறகு அவளைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. வேலைக்குப் போனாள், வந்தாள். றோலண்டை வழியில் கண்டால் மட்டும் நிறுத்தி, சீமையைப் பற்றிக் கேட்பாள். அங்கே வீடு எப்படி, மழை உண்டா, குளிர் உண்டா? றோலண்டும் துரைமார் வாயில் கேட்டதையெல்லாம் சொல்வார். ஒரு நாள் பேச்சுவாக்கில், அங்கே நுவரெலியாவைவிடக் குளிராம், ஒவ்வொரு அறையிலும் சுவருக்குள் அடுப்பு வைத்துக் கட்டை போட்டு எரிப்பார்களாம் என்றார். பாவம், அவர் ஒன்றும் நினைத்துச் சொல்லவில்லை. அவள் முகத்தைப் பார்த்த பிறகுதான் அவருக்கு உறைத்தது. அன்று முதல் குளிர்காலத்தில் அவள் தூங்கி நாங்கள் அறியோம். சுவருக்கு மேலே பெருமூச்சு வரும், பாய் சரசரக்கும் சத்தம் வரும். பூரணி எழுந்து உட்கார்ந்து, "அத்த, படுங்க" என்பாள். சத்தம் கொஞ்ச நேரம் நிற்கும்.

துரையும் தோட்டத்தை விட்டுச் சீமைக்குப் போனார். கப்பையும் பெட்டியில் கட்டிக்கொண்டு போனதாக றோலண்ட் சொன்னார். சிங்களத் துரை வந்தார். அத்தைக்கு முதுகு கூனிவிட்டது, அன்றாடம் கூலி கொடுக்கும் கைக்காசு வேலைக்கு மட்டும்தான் கூப்பிட்டார்கள். பொம்மையில் அழகன் விட்டுவைத்த அந்த முறுக்கு இப்போதுதான் அவள் முதுகில் சரியாக வந்திருந்தது.

1964 கடைசியில் இரண்டு நாட்டுப் பிரதமர்களும் கூடிப் பேசி எங்களைப் பங்கு பிரித்துக்கொண்டார்கள். கங்காணி வேர் பிரிப்பாரே, அந்த மாதிரி, அந்தப் பக்கம் இவ்வளவு, இந்தப் பக்கம் இவ்வளவு. எங்களை யாரும் கேட்கவில்லை. மறு தை மாதம் செல்லசாமி ஒவ்வொரு வாசலாக வந்து, யார் இந்தியா போக விரும்புகிறார்கள், யார் இங்கேயே இருக்க விரும்புகிறார்கள் என்று விசாரித்தார். சங்கம் முன்கூட்டியே தெரிந்துவைத்துக்கொள்ள வேண்டுமாம். லயத்துச் சனம் அவர் பின்னாலேயே வாசல் வாசலாக நகர்ந்தது. ஏழாம் காம்பராவுக்கு வந்தார். அத்தை படிக்கட்டில் வெயில் காய்ந்துகொண்டிருந்தாள்.

"காளியாயிக்கா, நீங்க என்ன சொல்றீங்க? இந்தியாவா, இலங்கையா?"

"சீமை" என்றாள்.

கூட்டத்தில் நாலைந்து பேர் சிரித்தார்கள். செல்லசாமி காது கேட்காதவளுக்குச் சொல்வது போல உரக்க, "அக்கா, இந்தியாவுக்குப் போறீங்களா, இங்கயே இருக்கீங்களான்னு கேக்குறேன்" என்றார்.

"கேட்டுச்சுய்யா. இந்தியாவுல எனக்கு யாரு இருக்கா? இங்கயும் யாரும் இல்ல. எம்புள்ள சீமையிலதான் இருக்கான். ஒரு நாட்டுப் பேரு எப்புடியும் குடுக்கணும்னா, எனக்குச் சீமைன்னு சொல்லிரு."

"அப்படி ஒண்ணு கேட்க முடியாதுக்கா."

"நீ சொல்லு செல்லசாமி. அங்க போனா யாருதுன்னு கேப்பாங்கல்ல? இந்தத் தடவை சரியாச் சொல்லிருவேன்."

சிரித்தவர்கள் நிறுத்திவிட்டார்கள். செல்லசாமி அவள் பெயரை எந்தப் பக்கமும் சேர்க்காமல், எட்டாம் காம்பரா வாசலுக்கு வந்து, நான் எங்கே போக விரும்புகிறேன் என்று கேட்டார்.